பொய்ச்சான்றும் பெருமழையும்



தவக்காலம் தொடங்கிவிட்டது. இக்காலத்தில் மனச்சான்றை ஆய்வு செய்யும்படி நான் உங்களைக் கேட்பது வழமை. இம்முறை ஒரு குறிப்பிட்ட பாவத்தைப் பற்றியே பேச விழைகிறேன். ஞாயிறு மறையுரையின் பத்து நிமிடங்களுக்குள் இது அடங்காது. ஆதலால் இங்கே எழுதுகிறேன். சிலருக்கு இது கசக்கும். கசந்தாலும் இறுதிவரை வாசித்துவிட்டு என்னோடு சண்டைக்கு வாருங்கள். திருப்பலி முடிந்ததும் நான் வாசலில்தான் நிற்பேன்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இலங்கையைத் தாக்கியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலைச்சரிவுகள் வீடுகளோடும் மனிதரோடும் பெயர்ந்து இறங்கின. சில நாட்களின் பின், ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஒரு தாய் என்னிடம் வந்தார். மலையகத்தில் மண்ணுள் புதைந்த தம் உறவினரின் பெயர்களைத் துண்டுக் காகிதம் ஒன்றில் எழுதித் தந்து, அவர்களுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கக் கேட்டார். பின்பு மெதுவாக, "சுவாமி, கடவுள் ஏன் இப்படிச் செய்தார்?" என்றார். என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. அவரோடு முழந்தாளிட்டுச் செபித்தேன், அவ்வளவே.

அன்று மாலை நம்மவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் ஒரு காணொளி வந்து சேர்ந்தது. நல்ல தமிழில், உறுதியான குரலில் ஒருவர் பேசுகிறார்: காலநிலை மாற்றம் என்பது பெரும் மோசடியாம், அறிவியலாளர்களே இதில் இரண்டாகப் பிளவுபட்டு நிற்கிறார்களாம், வரி பறிப்பதற்காக அரசுகள் கட்டிய கதையாம். அதைப் பகிர்ந்தவர் யாரோ அந்நியர் அல்லர். நற்கருணைக்கு முன்னால் என்னைவிட நெடுநேரம் முழந்தாளில் இருப்பவர். கைகூப்பியும் பெருவிரல் உயர்த்தியும் அதை வரவேற்றோர் பலர்.

அத்தாயின் கேள்வியும் இந்தக் காணொளியும் இரு வேறு விடயங்கள் என்று நினைக்கிறீர்களா? அன்றிரவு எனக்கு அப்படித் தோன்றவில்லை. மழையின் மூர்க்கத்தில் மனிதனுக்குப் பங்கே இல்லை என்றால், அத்தாய்க்கு நாம் சொல்லக்கூடிய விடை ஒன்றுதான்: கடவுளே செய்தார். மனிதனைக் குற்றக்கூண்டிலிருந்து இறக்கிவிட்டவர்கள், தம்மை அறியாமலே அங்கே ஆண்டவரை ஏற்றிவிடுகிறார்கள்.

ஆகவே நேராகச் சொல்கிறேன். பூமி வெப்பமடைவதற்கு மனிதச் செயலே முதன்மைக் காரணம் என்பதில் அறிவியலாளர்கள் பிளவுபட்டிருக்கவில்லை. பிளவுபட்டிருக்கிறார்கள் என்பது பொய். பொய்யைச் சான்றாக எழுதி ஊரெல்லாம் அனுப்புவது எட்டாம் கட்டளைக்கு எதிரானது. அறியாமல் அனுப்பியவரின் குற்றம் சிறிது என்பதைக் குருமடத்தில் அறநெறி இறையியல் படித்த எவரும் ஒப்புவர். எனினும், விசாரித்து அறியக்கூடிய ஒன்றை விசாரிக்காமல் இருப்பது மன்னிக்கத்தக்க அறியாமை அன்று.

"சுவாமி, நீங்கள் அறிவியலாளரா?" என்று கேட்பீர்கள். இல்லை. நான் மெய்யியலும் இறையியலும் கற்றவன். ஆயினும் சாட்சிகளை எடைபோடுவது திருச்சபைக்குப் பழக்கமான தொழில். புனிதர் பட்டத்துக்கென ஒரு புதுமை முன்வைக்கப்படும்போது உரோமை என்ன செய்கிறது? குணமடைந்தவரின் உறவினரை மட்டும் கேட்டு அமைவதில்லை, மருத்துவ வல்லுநர்களை அழைக்கிறது, ஏடுகளைப் புரட்டுகிறது, ஐயத்தைக் கிளப்புவதற்கென்றே கேள்விகளை எழுப்புகிறது. ஒருவரையொருவர் கலந்து பேசாத சாட்சிகள், வெவ்வேறு வழிகளில் வந்து, ஒரே உண்மையைச் சொல்லும்போதுதான் நம்புகிறது. காலநிலை விடயத்தில் சாட்சிகள் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று பாருங்கள்.

முதற்சாட்சி நம் ஊரிலேயே இருக்கிறார். செவன் கிங்ஸில் எலிசபெத் தொடருந்தில் ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்குள் அல்பமாள் வீதியிலுள்ள ரோயல் இன்ஸ்ரிரியூசனை அடையலாம். அங்கேதான் 1859இல் ஜோன் ரின்டால், காற்றிலுள்ள நீராவியும் காபனீரொட்சைட்டும் வெப்பத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வதை அளந்து காட்டினார். அதற்கு மூன்றாண்டுகள் முன்னர், 1856இல், அமெரிக்காவில் யூனிஸ் பூட் என்ற பெண்மணி கண்ணாடிக் குழாய்களை வெயிலில் வைத்து, காபனீரொட்சைட்டு நிரம்பிய குழாயே மிகுதியாகச் சூடேறுவதைக் கண்டிருந்தார். 1896இல் சுவீடனின் அரீனியஸ், இவ்வாயு இருமடங்கானால் பூமி எவ்வளவு வெப்பமடையும் என்று கையாலேயே கணக்கிட்டார். 1938இல் கை கலண்டர் என்ற ஆங்கிலேய நீராவிப் பொறியியலாளர், பூமி ஏற்கெனவே வெப்பமடைந்து வருவதை வெப்பமானிப் பதிவுகளைத் திரட்டிக் காட்டினார். அவர் அதை நன்மை என்றே கருதினார்! வரி பறிக்கும் சதி இவர்களுள் யாரிடம் இருந்தது? அப்போது எந்த அரசு எந்த வரியை விதித்தது?

1958இல் சாள்ஸ் கீலிங் ஹவாய் எரிமலையின் சரிவில் தொடர்ச்சியாக அளக்கத் தொடங்கியபோது, காற்றின் பத்து இலட்சம் பங்கில் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 315 பங்கு இருந்தது. இன்று அது 420ஐத் தாண்டிவிட்டது. தொழிற்புரட்சிக்கு முன்னர் ஏறத்தாழ 280 என்பதைத் துருவப் பனிக்குள் அடைபட்ட பழங்காற்றுக் குமிழிகள் சொல்கின்றன.

"கூடியிருக்கலாம், அது மனிதனால் என்று எப்படித் தெரியும்?" நியாயமான கேள்வி. குற்றவாளியின் கைரேகை இருக்கிறது. உயிருள்ள தாவரங்களில் காபன்-14 என்ற கதிரியக்கக் காபன் சிறிதளவு உண்டு. கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுள் கிடந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது அழிந்துபோயிருக்கும். காற்றில் புதிதாகச் சேரும் காபன் இந்தப் பழங்காபனே என்பதை ஹான்ஸ் சூஸ் 1955இலேயே மரவளையங்களைக் கொண்டு காட்டினார். எரிமலைகள் ஆண்டுதோறும் வெளியிடும் காபனீரொட்சைட்டு, மனிதர் வெளியிடுவதில் நூற்றில் ஒரு பங்கை எட்டாது. சூரியன்தான் காரணம் என்றால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் கீழடுக்கும் சேர்ந்தே வெப்பமடைய வேண்டும். கீழடுக்கு சூடேறுகிறது, மேலேயுள்ள படைமண்டலம் குளிர்கிறது. பச்சைவீட்டு வாயுக்கள் கூடினால் இப்படித்தான் நடக்கும் என்று சுகுரோ மனாபேயும் உடனாய்வாளரும் 1967இலேயே கணித்துச் சொல்லியிருந்தார்கள். மனாபேக்கு 2021இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இனி, பிளவு என்ற பேச்சுக்கு வருகிறேன். 2004இல் நயோமி ஒரெஸ்கெஸ் 928 ஆய்வுக்கட்டுரைகளின் சுருக்கங்களை வாசித்தார். மனிதக் காரணத்தை மறுத்தது ஒன்றுகூட இல்லை. 2013இல் ஜோன் குக் குழுவினர் ஏறத்தாழ 12,000 சுருக்கங்களை ஆராய்ந்தனர். காரணம் பற்றிக் கருத்துச் சொன்னவற்றுள் 97 சதவீதம் மனிதனையே சுட்டின. 2021இல் 88,125 கட்டுரைகளை அடிப்படையாகக் கொண்ட ஆய்வு, உடன்பாடு 99 சதவீதத்தையும் கடந்துவிட்டதைக் கண்டது. அதே ஆண்டு ஓகஸ்டில் ஐக்கிய நாடுகளின் காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு, மனிதர் பூமியை வெப்பமாக்கியிருப்பது ஐயத்துக்கு இடமற்றது என்று அறிவித்தது.

குக் குழுவின் ஆய்வில் மூன்றில் இரு பங்குக் கட்டுரைகள் கருத்தே சொல்லவில்லையே என்று அந்தக் காணொளிக்காரர் கேட்கிறார். உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று இன்று எந்த வானியல் கட்டுரை முதல் வரியில் எழுதுகிறது? எல்லாரும் ஏற்றுக்கொண்டதை எவரும் ஒவ்வொரு முறையும் அறிக்கையிடுவதில்லை. நாமும் ஒருவரை ஒருவர் சந்திக்கும்போதெல்லாம் விசுவாச அறிக்கையைச் சொல்வதில்லை; அதனால் விசுவாசம் இல்லை என்று ஆகுமா?

31,000க்கும் மேற்பட்ட அறிவியலாளர் மறுத்துக் கையொப்பமிட்டனர் என்றும் அவர் சொல்கிறார். 1998இல் அமெரிக்காவில் தொடங்கிய ஒரிகன் மனுவே அது. அதில் கையொப்பமிட ஏதேனும் ஓர் அறிவியல் துறைப் பட்டம் போதும். பொறியியலாளரும் மருத்துவரும் அதில் உண்டு. காலநிலையியலைத் தம் துறையாகக் காட்டியவர் 39 பேர். கண் சத்திரசிகிச்சைக்கு நாம் பல் வைத்தியரிடம் போவோமா?

1970களில் பனியுகம் வரும் என்று சொன்னார்களே என்பது இன்னொரு கேலி. 1965க்கும் 1979க்கும் இடைப்பட்ட கட்டுரைகளை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்: குளிர்ச்சியை முன்னுரைத்தவை 7; வெப்பமடைதலை முன்னுரைத்தவை 44. ஏழைக் கேட்ட ஊடகங்கள் நாற்பத்து நான்கைக் கேட்கவில்லை. அது ஊடகத்தின் குறை.

"காலநிலை எப்போதும் மாறிக்கொண்டுதானே இருந்தது?" ஆம். யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கோடையில் கிணறு வற்றுவது நம் தாத்தா காலத்திலும் உண்டு. பக்கத்துத் தோட்டக்காரர் இரவு பகலாக நீரிறைக்கும் இயந்திரத்தைப் போட்டு உங்கள் கிணற்றில் உப்பு ஏறியபோது, கிணறுகள் முன்பும் வற்றியதுண்டு என்று அவர் சொன்னால் ஏற்பீர்களா? வேலியடியில் எத்தனை சண்டை நடந்திருக்கும்! முன்னொரு காலத்தில் வேறு காரணம் இருந்தது என்பது இன்றைய காரணத்தைப் பொய்யாக்காது.

நேர்மையாக ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அறிவியலாளர்களுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. காபனீரொட்சைட்டு இருமடங்கானால் வெப்பம் எத்தனை பாகை உயரும் என்பதில் 2.5 முதல் 4 வரை என்று இடைவெளி இருக்கிறது. முகில்கள் எவ்வாறு மாறும், எந்த ஊருக்கு எவ்வளவு மழை என்பவற்றிலும் விவாதம் தொடர்கிறது. டித்வாவைக் காலநிலை மாற்றமே பெற்றெடுத்தது என்றும் பொறுப்புள்ளவர் எவரும் சொல்லார். சூறாவளிகள் வங்கக் கடலுக்குப் புதியவை அல்ல. ஆனால் காற்று ஒரு பாகை வெப்பமடைந்தால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். அந்த நீர் ஓரிடத்தில் இறங்கியே தீரும். அது இறங்கும் இடத்தில் காடழித்த சரிவும், தோட்டத் தொழிலாளரின் பழைய லயன் அறையும் இருந்தால் என்ன நடக்கும் என்பதை நாம் கண்டோம். தீ எவ்வளவு பரவும் என்பதில் விவாதம் இருக்கலாம். யார் கொளுத்தினார் என்பதில் இல்லை.

அப்படியானால் ஐயம் எங்கிருந்து வந்தது? எக்ஸன் எண்ணெய் நிறுவனத்தின் சொந்த அறிவியலாளர்கள் 1970களின் இறுதியிலிருந்தே வெப்ப உயர்வைக் கணித்து வந்தனர். அக்கணிப்புகள் எவ்வளவு சரியாக நிறைவேறின என்பதை 2023இல் சயன்ஸ் இதழில் வெளியான ஆய்வு காட்டியது. உள்ளே அறிந்திருந்த நிறுவனமோ வெளியே பல்லாண்டுகள் ஐயத்தை விளம்பரம் செய்தது. புகையிலை நிறுவனங்கள் முன்னர் கையாண்ட அதே வழி. புற்றுநோய் வராது என்று நிறுவத் தேவையில்லை. இன்னும் முடிவாகவில்லை என்று மக்களை நினைக்க வைத்தால் போதும். சதி தேடும் சகோதரரே, இதோ சான்றுகளோடு ஒரு சதி. நீங்கள் தேடிய இடம்தான் தவறு.

"திருச்சபைக்கு இதில் என்ன வேலை?" என்போருக்கும் ஒரு சொல். திருத்தந்தையின் அறிவியல் கழகத்தில் 2004 முதல் ஒரு தமிழர் உறுப்பினராக இருக்கிறார். அவர் கத்தோலிக்கர் அல்லர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் கற்ற வீரபத்ரன் இராமநாதன். இளமையில் குளிர்சாதனப் பெட்டிகளிலிருந்து வாயு கசிவதைத் தடுக்கும் தொழிலில் இருந்தவர், பின்னர் அமெரிக்கா சென்று, அந்த வாயு காபனீரொட்சைட்டைவிட எத்தனையோ மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைப்பதை 1975இல் கண்டறிந்தார். 2000ஆம் ஆண்டளவில் மனிதன் உண்டாக்கிய வெப்பமடைதல் அளவீடுகளில் தெளிவாகத் தென்படும் என்று 1980இல் உடனாய்வாளர் ஒருவரோடு எழுதினார், அப்படியே ஆயிற்று. 2014இல் வத்திக்கானில் ஒரு வாகனத் தரிப்பிடத்தில் திருத்தந்தை பிரான்சிசைச் சில நிமிடங்கள் சந்தித்தபோது, மாசின் பெரும்பகுதி செல்வந்தரிடமிருந்து வருகிறது, துன்பத்தின் பெரும்பகுதி ஏழைகளுக்குப் போகிறது என்பதையே அவர் எடுத்துரைத்தார். மறு ஆண்டு 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடல் வெளிவந்தது. 2023 ஒக்டோபர் 4இல் வெளியிட்ட திருத்தூது ஊக்கவுரையில், மனிதக் காரணத்தை இனியும் ஐயுற இயலாது என்று திருத்தந்தை எழுதினார்; கத்தோலிக்கருக்குள்ளேயே இதை எள்ளிநகையாடும் குரல்கள் எழுவதையிட்டு வருந்தினார். திருத்தந்தை 14ஆம் லியோவும் அதே வழியில் பேசியிருக்கிறார்.

இது இன்றைய புதுமையும் அன்று. இயற்கை பற்றிய அறிவு விசுவாசமற்றவருக்கும் உண்டு; அவர் முன்னிலையில் கிறிஸ்தவன் அறியாததைப் பிதற்றி நகைப்புக்கு ஆளானால், நற்செய்தியையும் அவர் நம்பமாட்டார் என்று புனித அகுஸ்தீனார் பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன்னரே எச்சரித்தார். கலிலேயோ விடயத்தில் நாம் அதைக் கேட்கவில்லை. திருத்தந்தை 2ஆம் யோவான் பவுல் 1992இல் அத்தவற்றை வெளிப்படையாக ஏற்றுக்கொள்ளும்வரை மூன்றரை நூற்றாண்டுகள் வெட்கப்பட்டோம். இன்னுமொரு முறை வேண்டுமா?

உங்கள் கோபத்தின் வேரும் எனக்குத் தெரியும். 2023 ஓகஸ்ட் 29இல் தாழ்புகை வலயம் நம் பகுதிக்கும் விரிந்தபோது, பழைய வான் வைத்துத் தொழில் செய்தவர்களுக்கு நாளொன்றுக்கு 12.50 பவுண் என்பது பேரிடியாக இருந்தது. கடன்பட்டு வண்டி மாற்றியவர்களை அறிவேன். அக்கட்டணம் நியாயமா என்று வாதிடுங்கள், நானும் கலந்துகொள்வேன். ஆனால் அது நம் பிள்ளைகளின் நுரையீரலுக்குள் போகும் நச்சுக்காற்றைப் பற்றிய திட்டம். காலநிலைக்கென வந்தது அன்று. ஒரு கட்டணத்தின் மீதான கோபத்துக்காக ஓர் உண்மையை மறுக்கலாமா?

"மன்னாரில் காற்றாலைகளை எதிர்த்துக் குருக்களே வீதியில் நின்றார்களே?" என்று மன்னார்ச் சகோதரர் ஒருவர் கேட்டார். நின்றார்கள், நான் அவர்களோடு உடன்படுகிறேன். 2025இல் போராடிய மீனவரும் விவசாயிகளும் அறிவியலை மறுக்கவில்லை. வெள்ளம் வடியாத சின்னஞ்சிறு தீவில், எங்களைக் கேட்காமல் ஏன் நடுகிறீர்கள் என்றே கேட்டனர். நோய் இன்னது என்பதில் உடன்பட்டவர்கள் மருந்து பற்றி வாதிடலாம், வாதிடவும் வேண்டும். நோயே இல்லை என்பவருக்கு அந்த வாதத்தில் இடமில்லை.

நாம் வாழும் இடமும் தப்பவில்லை. 2022 ஜூலை 19இல் பிரித்தானியா முதன்முறையாக 40 பாகை செல்சியசைக் கடந்தது. அன்று நமக்குப் பத்து மைலுக்குள் இருக்கும் வெனிங்ரன் கிராமத்தில் வீடுகள் வரிசையாக எரிந்தன. எனினும் இங்கே தீயணைப்பு வண்டியும் காப்புறுதியும் உண்டு. கடல் ஏற ஏறக் கிணறு உவர்க்கும் தீவகத்தில் என்ன உண்டு? இலங்கையில் ஒருவர் ஓராண்டில் சராசரியாக ஏறத்தாழ ஒரு தொன் காபனீரொட்சைட்டுக்கே காரணமாகிறார். இங்கே நாம் நான்கு தொன்னுக்கும் மேல். ஊருக்கு ஒருமுறை பறந்து திரும்பினாலே அவருடைய ஓராண்டுப் பங்கை நாம் தீர்த்துவிடுகிறோம். மடுத் திருவிழாவுக்குப் பறப்பவர்களுள் நானும் ஒருவன். ஆகவே இக்கல்லை நான் எறியும்போது அது என் தலையிலும் விழுகிறது.

இன்னொரு பாவத்தையும் அறிக்கையிடுகிறேன். முன்னைய பேரிடர்களின்போது, இயற்கையின் சீற்றம், இறைவனின் சோதனை என்றெல்லாம் நானும் மறையுரையில் சொல்லிக் கடந்திருக்கிறேன். கேட்க ஆறுதலாக இருந்தது. யாரையும் நோகடிக்கவில்லை. இறைவனை மட்டும் நோகடித்தது.

இத்தவக்காலத்தில் இறைச்சியைத் துறப்பவர்கள் துறவுங்கள். அதனோடு ஒன்றையும் சேர்த்துச் செய்யுங்கள். உண்மையா என்று அறியாத எதையும் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். அந்தக் காணொளியை ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதே குழுவில் "நான் அனுப்பியது தவறு" என்று ஒரு வரி எழுதுங்கள். திருடிய பொருளைத் திருப்பிக் கொடுக்காமல் பாவமன்னிப்பு நிறைவடையாது. பொய்க்கும் அதே விதிதான்.

அத்தாய் தந்த துண்டுக் காகிதம் இன்னும் என் செபப் புத்தகத்துக்குள் இருக்கிறது. அடுத்த முறை அவர் கேட்கும்போது, "அம்மா, இதைக் கடவுள் செய்யவில்லை" என்று சொல்ல விரும்புகிறேன். அதைச் சொல்லும் உரிமை, நம் பங்கு என்ன என்பதை ஒப்புக்கொள்ளும் வாய்க்கு மட்டுமே உண்டு.

இறையாசீர் உங்களோடு இருப்பதாக.

உங்கள் பங்குத்தந்தை,
செவன் கிங்ஸ், இலண்டன்